வாசகர் கேள்விகள்: மேசைமேல் ஒரு ஹரிக்கேன்

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பெரிய அளவுப் போர் விமான மொடல்கள் பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விடயத்தைக் கேட்டவர்கள் ஒரே பதிலில் திருப்திப்பட வேண்டும்.

1942 ஏப்ரல் 9 அன்று சீனன்குடாவிலிருந்து எழும்பிய விமானத்தைச் செய்ய ஆசை. இதுவரை 1/72 அளவில் நாலைந்து செய்திருக்கிறேன். 1/32 வாங்குவதா, 1/24 வாங்குவதா? எந்தப் பெட்டி? (உவர்மலை)

அன்று காலை ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழும்பியவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் போர் விமானங்கள். முந்தைய மாதம்தான் 'இன்டொமிற்றபிள்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து இலங்கைக்கு வந்து சேர்ந்தவை. எதிர்ப்பக்கத்தில் வந்தவை ஜப்பானிய விமானந்தாங்கிகளின் மிற்சுபிஷி சீரோக்கள். ஆகவே உங்களுக்கு இரண்டு தெரிவு இருக்கிறது. கேள்வியில் சீனன்குடா என்று எழுதியதால் ஹரிக்கேனையே எடுத்துக்கொள்கிறோம்.

கடைக்குப் போகமுன் அளவு நாடாவை எடுத்து அலுமாரித் தட்டை அளந்து பாருங்கள். ஹரிக்கேனின் உண்மையான சிறகு நீளம் 12.19 மீற்றர். அது 1/72 இல் 17 செ.மீ., 1/32 இல் 38 செ.மீ., 1/24 இல் 51 செ.மீ. மூக்கிலிருந்து வால் வரை 1/32 இல் ஏறத்தாழ 31 செ.மீ., 1/24 இல் 41 செ.மீ. வரும். வீட்டு அலுமாரித் தட்டு 30 செ.மீ. ஆழம் என்றால் 1/32 கூட நேராக நிற்காது, கொஞ்சம் சரித்துத்தான் வைக்க வேண்டும். 1/24 க்குத் தனி மேசை வேண்டும்.

எங்கள் தெரிவு 1/32. ரெவெல் நிறுவனத்தின் மார்க் 2பி (ஹரிக்கேனின் ஒரு வகை) பெட்டி புதிய அச்சு. 1/24 இல் எயார்பிக்ஸின் ஹரிக்கேன் 1970களின் அச்சு, அதுவும் மார்க் 1. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான். ஆனால் இன்று அதைச் செய்பவர் பாதி நேரத்தை இடைவெளி நிரப்புவதிலேயே செலவழிப்பார். 1/72 இலிருந்து நேரே அதற்குத் தாவ வேண்டாம்.

வாங்கமுன் பார்க்க வேண்டியது துப்பாக்கித் துளை. மார்க் 1 இல் சிறகுக்கு 4, மொத்தம் 8 இயந்திரத் துப்பாக்கி. மார்க் 2பி இல் சிறகுக்கு 6, மொத்தம் 12. மார்க் 2சி இல் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள் சிறகுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மார்க் 2 இன் மூக்கு மார்க் 1 ஐவிடச் சற்று நீளமானது. அதனால் துளையை அடைத்துவிட்டு மார்க் 1 என்று சொல்லிக்கொள்ள முடியாது. மூக்கின் கீழே தடித்த தாடைபோல ஒரு தூசி வடிகட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய விமானங்களில் பூட்டியது அது. நீங்கள் செய்யப்போகும் குறித்த விமானத்தின் படம் ஒன்று கையில் இல்லாமல் வடிகட்டியை ஒட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம்.

விமானம் எந்த நாட்டினது என்று காட்டும் வட்ட அடையாளத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்க, ஆசியப் போர்முனைப் பிரித்தானிய விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பு நீக்கப்பட்டது உண்மை. ஆனால் அது பின்னால் நடந்தது. நீலமும் இளநீலமும் மட்டும் உள்ள சிறிய வட்டத்தை 1942 ஏப்ரல் ஹரிக்கேனில் ஒட்டினால், ஒரு வருடத்துக்கு மேல் முந்திக்கொண்டு போய்விடுவீர்கள். அன்றைய விமானத்தில் நடுவில் சிவப்பு இருக்கும்.

கையேட்டில் 60, 70 படிகள் இருக்கின்றன. அந்த ஒழுங்கில்தான் செய்ய வேண்டுமா? (நிலாவெளி)

தேவையில்லை. கையேடு எழுதுபவர் பாகங்கள் எங்கே பூட்டப்படும் என்பதைக் காட்டுகிறார். எதை எப்போது பெயின்ற் அடிப்பது என்பது அவருடைய கவலை இல்லை. பெரிய அளவில் உங்கள் வேலை ஒழுங்கைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இந்த இடத்தை மூடிய பிறகு தூரிகை உள்ளே போகுமா?

ஹரிக்கேனையே உதாரணமாக எடுப்போம். இந்த விமானத்தின் விமானி அறைக்குத் தளம் கிடையாது. விமானியின் குதிகால் வைக்க இரண்டு தகட்டுப் பள்ளங்கள், அவ்வளவுதான். சுற்றிவர வெள்ளி நிறக் குழாய்ச் சட்டம். ஆசனத்துக்குக் கீழே பார்த்தால் விமானத்தின் வயிறு தெரியும். மொடலில் அந்த வயிறு, கீழ்ச் சிறகுத் துண்டின் உட்பக்கம். கையேட்டின்படி போனால் அறையைப் பெயின்ற் அடித்து, உடலை மூடி, பிறகு சிறகை ஒட்டுவீர்கள். எல்லாம் முடிந்தபின் லைற்றைப் பிடித்து உள்ளே பார்த்தால் பெயின்ற் படாத சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். அதனால் கீழ்ச் சிறகின் நடுப்பகுதி உட்பக்கத்தை, அறைக்குள் அடிக்கும் அதே நாளில் அதே நிறத்தால் அடித்துவிடுங்கள்.

பொதுவான ஒழுங்கு இது. முதலில் பாகச் சட்டங்கள் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டங்கள்) முழுவதையும் வெட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வரப் பூசும் எண்ணெய் போனால்தான் பெயின்ற் பிடிக்கும். பிறகு உடல் இரண்டு பாதி, சிறகுகள், வால் ஆகிய பெரிய துண்டுகளை மட்டும் வெட்டி, பசை இல்லாமல் மாஸ்கிங் ரேப்பால் கட்டிப் பாருங்கள். முழு விமானமும் கால்மணி நேரத்தில் மேசையில் நிற்கும். எங்கே இடைவெளி, எங்கே படி என்பது அப்போதே தெரியும். பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

சிறகும் உடலும் சேரும் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி தெரிந்தால், இடைவெளி நிரப்பும் பசையான புட்டியை எடுக்க வேண்டாம். மிச்சப் பாகச் சட்டத்தில் ஒரு துண்டு வெட்டி, உடலுக்குள் இரண்டு சுவருக்கும் இடையே தடியாகக் கொடுங்கள். தடி 1 மி.மீ. நீளமாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. வெளியே தள்ளும். இடைவெளி தானாக மூடும். புட்டி வைத்து உரஞ்சி, அழிந்த தகட்டுக் கோட்டை மறுபடி கீறும் இரண்டு நாள் வேலை இதில் மிச்சம்.

வெட்டும்போது, பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் ஒட்டுக் காம்பைப் பாகத்தோடு ஒட்ட வெட்டக்கூடாது. 2 மி.மீ. தள்ளி முதல் வெட்டு, கத்தி அலகால் மெல்லிய சீவலாக இரண்டாவது, 600 அரத்தாளால் கடைசித் தேய்ப்பு. ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறி உள்ளே குழி விழும். தெளிவான பாகம் என்றால் விரிசல் உள்ளே ஓடும்.

இரண்டு பாதியை ஒட்டி, புட்டி வைத்து, உரஞ்சி, கண்ணாடிபோல் ஆக்கினேன். பெயின்ற் அடித்து இரண்டு கிழமையில் அதே இடத்தில் பள்ளக் கோடு வந்துவிட்டது. ஏன்? (கிண்ணியா)

அவசரம். பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கும் கரைந்து, கலந்து, கரைப்பான் ஆவியாகப் போனபின் ஒன்றாகிறது. கரைப்பான் முழுவதும் போகமுன் அந்த இடம் உப்பியிருக்கும். அந்த உப்பிய நிலையிலேயே உரஞ்சி மட்டமாக்கினீர்கள். மிச்சக் கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேற, பிளாஸ்டிக் சுருங்கி உள்ளே இறங்கிவிட்டது. ரியூப் புட்டியிலும் இதே கதைதான், அதற்குள்ளும் கரைப்பான் இருக்கிறது. தடிப்பாக வைத்தால் மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரமாகக் கிடக்கும்.

1/72 இல் பொருத்துச் சுவர் மெல்லியது, ஒரு நாளில் காய்ந்துவிடும். 1/32 இல் உடல் சுவர் தடிப்பு. நீங்கள் விட்ட பசையின் அளவும் அதிகம். எனவே உடல் பொருத்துக்கு இப்படிச் செய்யுங்கள்: இரண்டு பாதியையும் விரலால் சேர்த்துப் பிடித்து, மெல்லிய திரவப் பசையைத் தூரிகை நுனியால் பொருத்தின் மேல் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே இழுபடும். பத்து விநாடி கழித்து மெல்ல அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் மணிபோலப் பொருத்து நெடுக வெளியே பிதுங்க வேண்டும். அந்த மணிதான் உங்கள் புட்டி. 4, 5 செ.மீ. நீளமாக, வாலிலிருந்து மூக்கை நோக்கி வாருங்கள். ரேப்பால் கட்டி மூன்று நாள் தொடாமல் வையுங்கள். மாரி காலத்தில் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொண்டாலும் நட்டமில்லை. பிறகு 400, 600, 1000 என்று உரஞ்சுங்கள்.

புட்டி வைத்தே ஆக வேண்டிய இடத்தில் அரை மி.மீ.க்கு மேல் ஒரு முறையில் வைக்காதீர்கள். அல்லது சுருங்காத வழி: சுப்பர் குளூவுடன் முகப் பவுடரைக் கூழாகக் குழைத்துப் பல்குத்தும் ஈர்க்கால் வைப்பது. இதைத் தாமதிக்காமல் ஒரு மணி நேரத்துக்குள் உரஞ்சிவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உரஞ்சும்போது பக்கத்துப் பிளாஸ்டிக் தேய்ந்து இது மேடாக நிற்கும்.

வேலை சரியா என்று கண்ணை நம்ப வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் வெள்ளி நிறம் ஒரு கை அடித்துப் பாருங்கள். மயிர் அளவு கோடும் பளிச்சென்று தெரியும்.

காற்றழுத்தத்தால் பெயின்ற் தெளிக்கும் எயார்பிரஷ்ஷால் அடித்தால் சிறகின் மேல் மா தூவியதுபோல் சொரசொரப்பாக வருகிறது. கொம்பிரசர் புதிது, பெயின்ற் தமியா அக்கிரிலிக். பிழை எங்கே? (பாலையூற்று)

கடிதத்தின் கீழே நேரம் எழுதியிருந்தீர்கள்: பிற்பகல் இரண்டு மணி, யூலை மாதம். பிழை கச்சானில்தான். (கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறோம்.) மே மாதம் தொடங்கித் தரைப் பக்கமிருந்து வீசும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றில், பெயின்ற் துளி முனையிலிருந்து சிறகுக்குப் போகும் வழியிலேயே காய்ந்துவிடுகிறது. சிறகில் விழுவது பெயின்ற் இல்லை, பெயின்ற் தூள். 1/72 சிறகை இரண்டு வீச்சில் முடித்துவிடலாம் என்பதால் அங்கே இது தெரியாது. 38 செ.மீ. சிறகில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகுமுன் பின்னால் காய்ந்து, அதன்மேல் தூளும் படியும்.

விடிய ஐந்தரையிலிருந்து எட்டு மணிக்குள் அடியுங்கள். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். பெயின்ற் ஒரு பங்குக்கு அதே நிறுவனத்தின் தின்னர் ஒன்றரைப் பங்கு விடுங்கள். அப்படியும் தூள் வந்தால், காய்வதைத் தாமதப்படுத்தும் றிட்டாடரைக் கிண்ணத்துக்கு இரண்டு, மூன்று துளி. அதற்கு மேல் விட்டால் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அழுத்தத்தை 15 பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, முனையை 6, 7 செ.மீ. கிட்டக் கொண்டுபோங்கள். சிறகில் விழும் பெயின்ற் ஒரு விநாடி ஈரமாக மின்ன வேண்டும். மின்னாவிட்டால் தூரம் கூடிவிட்டது, ஓடினால் மிகக் கிட்டப் போய்விட்டது.

இப்போது வந்திருக்கும் சொரசொரப்பை அழிக்கத் தேவையில்லை. இரண்டு நாள் காயவிட்டு, 2500 அரத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போகும். பிறகு மெல்லிய ஒரு கை.

ஐப்பசி, கார்த்திகை வந்ததும் பிரச்சினை தலைகீழாகும். லக்கர் வகைப் பெயின்ற் மேலே பால் ஊற்றியதுபோல் வெளிறும். தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிராக்குகிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் பனிபோல் இறங்கிப் பெயின்றுக்குள் அகப்படுகிறது. மழை பெய்யும் நேரத்தில் லக்கர் வேண்டாம். வெளிறிவிட்டால், மழை விட்ட நாளில், மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் புகைபோல ஒரு கை அடியுங்கள். பெயின்ற் மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும். கொம்பிரசர் தாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை ஒவ்வொரு நாளும் வடியுங்கள். ஈர வடிகட்டியைக் கொம்பிரசர் பக்கம் மட்டும் வைத்தால் போதாது, குழாய்க்குள் வரும்போதும் ஈரம் சேரும். எயார்பிரஷ் கைப்பிடிக்குக் கீழே சின்ன வடிகட்டி ஒன்று இருந்தால்தான் பெயின்ற் நடுவே தண்ணீர்த் துளி துப்பாது.

உருமறைப்புப் பட்டைகளின் எல்லை பற்றியும் கேட்டிருந்தீர்கள். உண்மை விமானத்தில் இரண்டு நிறம் கலக்கும் எல்லை ஓர் அங்குலம் என்று வைத்தால், 1/32 இல் 0.8 மி.மீ. அது மெல்லிய மங்கல், கையால் அடித்து வராது. சுவரில் தாள் ஒட்டும் களிபோன்ற புளூ டக்கைப் பென்சில் தடிப்பில் பாம்பாக உருட்டி எல்லையில் வைத்து, உள்ளே ரேப்பால் மூடி, நேர் மேலேயிருந்து அடியுங்கள்.

தமியா தின்னர் முடிந்துவிட்டது. பெயின்ற் கடைத் தின்னர் பாவிக்கலாமா? (மூதூர்)

மொடலின் மேல் வேண்டாம். கார் பெயின்றுக்கு விற்கும் தின்னர், மொடலின் பிளாஸ்டிக்கான பொலிஸ்ரைரீனைக் கரைக்கும், சிறகு சிலந்தி வலைபோல் வெடிக்கும். எயார்பிரஷ்ஷின் உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும் நல்லது. அப்போதும் இறப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

தமியா அக்கிரிலிக்குக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோல் சரிவரும், ஆனால் இன்னும் வேகமாகக் காயும். அதனால் அதை மாரி காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கும்போது 'சேர்ஜிக்கல் ஸ்பிரிற்' தந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்த வகைகள் உண்டு, பெயின்ற் எண்ணெய்த் திட்டாக ஒதுங்கும். எது பாவித்தாலும் சன்னல் திறந்திருக்க வேண்டும், கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், அறைக்குள் குத்துவிளக்கோ நுளம்புச் சுருளோ எரியக்கூடாது.

பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. டெக்கல் (தண்ணீரில் நனைத்து மொடலில் ஒட்டும் அடையாளப் படங்கள்) தாள் மஞ்சளாகிவிட்டது. வெள்ளை வட்டமெல்லாம் தேநீர்க் கறை. எறிந்துவிடவா? (தம்பலகாமம்)

எறிய வேண்டாம், உங்களிடம் வெயில் இருக்கிறது. தாளை மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி கிழக்குச் சன்னல் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டிவிடுங்கள். மஞ்சள் மெல்ல வெளுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள், நிறங்களும் வெளுக்கத் தொடங்கமுன் எடுத்துவிட வேண்டும்.

பழைய டெக்கல் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகும். தாளில் தேவையில்லாத சிறிய எழுத்து ஒன்றை முதலில் நனைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். உடைந்தால், முழுத் தாளின் மேலும் தெளிவான லக்கர் ஒரு கை அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஓரத்தோடு ஒட்டி வெட்டுங்கள். இப்போது லக்கர்ப் படலமே அதைத் தாங்கும்.

ஒட்டும்போது பரப்பு பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான பெயின்ற் நுண்ணிய மேடுபள்ளம், டெக்கலின் கீழே காற்று அகப்பட்டு வெள்ளியாக மின்னும். அதனால் உருமறைப்பு முடிந்ததும் தெளிவான பளபளப்புப் பூச்சு ஒன்று, ஒரு நாள் காயவிடல், பிறகு டெக்கல். 1/32 ஹரிக்கேன் சிறகு வட்டம் பெரியது. தகட்டுக் கோடுகளின் மேல் அது கூடாரம்போல் நிற்கும். மென்மையாக்கும் திரவம் பூசியதும் சுருங்கிக் கிழடு தட்டிய தோல்போல் ஆகும். அந்த நேரம் விரல் வைத்தால் முடிந்தது கதை. அரை மணி நேரம் மேசையை விட்டு எழும்பிப் போங்கள், தானாக இழுபட்டுப் படியும். இன்னும் குமிழ் நின்றால் மெல்லிய ஊசியால் குத்தி, அதே திரவம் ஒரு துளி.

மூன்று வருடத்துக்கு முன் செய்த விமானத்தின் சில்லு நடுவே உருகிக் கிடக்கிறது. வெயில் படாத இடம். எப்படி? (சாம்பல்தீவு)

சூடு காரணமில்லை. அந்தப் பெட்டியின் ரயர் மெல்லிய வைனில். வைனிலை வளையச் செய்யச் சேர்க்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து, தொடும் பொலிஸ்ரைரீன் நடுச்சில்லைக் கரைக்கிறது. புதிய பெட்டி என்றால், பூட்டமுன் நடுச்சில்லின் விளிம்பைச் சுற்றிச் சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். இரண்டும் தொடாது. இல்லாவிட்டால் ரெசின் சில்லுகள் தனியாக வாங்கலாம், விமானப் பாரத்தில் அடிப்பக்கம் சற்றுத் தட்டையாகவே வார்த்திருப்பார்கள்.

ஓடுபாதைத் தூசி, பெயின்ற் உரிவு எல்லாம் காட்டலாம் என்றிருக்கிறேன். வெள்ளிப் பென்சிலால் முழு உடலிலும் உரிவு போட்டால் நன்றாக இருக்குமா? (சீனன்குடா)

ஹரிக்கேனில் வேண்டாம். விமானி அறைக்குப் பின்னாலுள்ள உடல் முழுவதும் துணி. உள்ளே உருக்குக் குழாய், அதன்மேல் மரச் சலாகைகள், மேலே இழுத்துக் கட்டிய துணி. மொடலில் நெடுக ஓடும் அந்த மெல்லிய வரம்புகள் அந்தச் சலாகைகள்தான். துணி உரிந்து வெள்ளி தெரியாது. அங்கே வெள்ளிப் புள்ளி வைத்தால் விடயம் தெரிந்தவர் இரண்டடி தூரத்திலேயே சிரித்துவிடுவார். வால் திருப்பியும், சிறகின் பின்விளிம்பில் நுனிப் பக்கமாக அசையும் எயிலரோன்களும் துணிதான். துணிக்கு வெயிலில் வெளிறல், சலாகைகளுக்கு இடையே சற்று இருண்ட நிழல், எண்ணெய்க் கறை, அவ்வளவு போதும்.

உரிவு வர வேண்டிய இடங்கள்: விமானி ஏறும் இடது சிறகு உடலோடு சேரும் பகுதி, இயந்திர மூடித் திருகுகளைச் சுற்றி, துப்பாக்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம், சிறகின் முன்விளிம்பு. பென்சிலை விடக் கடற்பஞ்சுத் துண்டு நல்லது. சாமணத்தால் பிடித்து, பெயின்றில் தொட்டு, தாளில் ஏறத்தாழ முழுவதும் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சத்தை மெல்லத் தட்டுங்கள். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்னரே நிறுத்துங்கள்.

துப்பாக்கி வாய்களை மூடிச் சிவப்புத் துணித் துண்டு ஒட்டுவது வழக்கம், தூசியும் ஈரமும் உள்ளே போகாமல். சுட்டவுடன் அது கிழியும். ஆகவே சிவப்புத் துணியும் புகைக் கறையும் ஒரே துப்பாக்கியில் இருக்க முடியாது. எழும்பமுன் என்றால் சிவப்பு, இறங்கியபின் என்றால் கிழிசலும் கீழ்ச் சிறகில் பின்னோக்கி ஓடும் கரியும். ஒன்றைத் தீர்மானியுங்கள்.

சீரோ செய்பவர்களும் இதைக் கேட்கலாம்: அந்த வருட விமானந்தாங்கிச் சீரோக்களின் பூச்சு நல்ல உறுதி, பராமரிப்பும் கடுமை. பாதிப் பெயின்ற் உரிந்த சீரோப் படங்கள் பெரும்பாலும் போரின் பின்பகுதியில் தரைத் தளங்களில் நின்ற பச்சை நிற விமானங்களுடையவை. 1942 சீரோவுக்கு ஆட்களின் கால் பட்ட தேய்வும், வெளியேற்றுக் குழாய்ப் புகையும் போதும். அந்த நேரத்தை இயந்திரத்துக்குச் செலவழியுங்கள். சீரோவின் சக்காயே இயந்திரத்துக்கு 14 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு தீப்பொறிக் கம்பி, மொத்தம் 28. மோட்டர் சுற்றும் கடையில் கழித்துப் போடும் 0.3 மி.மீ. செப்புக் கம்பி 1/32 க்கு அளவாக இருக்கும். ஒரு முழம் கேட்டால் காசு வாங்கமாட்டார்கள்.

கண்ணாடி மூடியைச் சுப்பர் குளூவால் ஒட்டினேன். அடுத்த நாள் உட்பக்கம் முழுவதும் வெள்ளைப் புகார். (அன்புவழிபுரம்)

சுப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. இறுகும்போது வெளிவரும் ஆவி, மூடிய அறைக்குள் கண்ணாடியில் படிந்துவிட்டது. ஈரம் கூடிய ஊரில் இது இன்னும் மோசம். மெல்ல நெம்பிக் கழற்றி, 2000, 4000 என்று உரஞ்சி, கடைசியில் வெள்ளைப் பற்பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் தெளியும். மறுபடி ஒட்டும்போது பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைக் கோந்து. காய்ந்தால் தெரியாது, பிழைத்தால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

சுப்பர் குளூப் போத்தலை ஈரம் உறிஞ்சும் சிறு பொதியோடு இறுக மூடிய போத்தலுக்குள் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரமுன் திறந்தால், ஈரம் உள்ளே இறங்கி ஒரு மாதத்தில் கட்டியாகும்.

முடித்த விமானத்தை எங்கே வைப்பது? கடற்கரையிலிருந்து நூறு யார் தூரத்தில் வீடு. (உப்புவெளி)

கண்ணாடிப் பெட்டிக்குள். தூசிக்கு மட்டுமில்லை, பல்லிக்கும். மங்கல் பூச்சின் மேல் விழுந்த பல்லி எச்சத்தைத் துடைத்தாலும் கறை நிற்கும்.

உப்புக் காற்று பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, உலோகத்தைத் தின்னும். பெரிய பெட்டிகள் சிலவற்றில் இயந்திர மூடியைக் கழற்றிப் பூட்டச் சிறிய காந்தங்களும் உருக்குத் திருகுகளும் வரும். காந்தத்தின் மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளிருந்து துருப்பிடித்து உப்பி, மூக்குப் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். பூட்டமுன் காந்தம், திருகு, பித்தளை ஆசனப் பட்டி எல்லாவற்றுக்கும் தெளிவான லக்கர் இரண்டு கை. பெட்டிக்குள் சில்லுக் கால்களில் மாத்திரம் பாரத்தை விடாதீர்கள். சிறகின் அடியில், கால்களுக்குச் சற்று உள்ளே, தெளிவான பிளாஸ்டிக் துண்டு இரண்டை முட்டுக் கொடுத்தால், சூடான அறையில் வருடக்கணக்கில் நின்றாலும் கால்கள் வெளியே சரியாது.